சனத்தை மறிக்காதேங்கோ, காசைச் சனம் இருக்கிற ஊருக்கு அனுப்புங்கோ

ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளின்ர உள்துறை, தொழில், நிதி அமைச்சர்மாருக்கும் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர்மாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் டூயிஸ்பேர்க்கில ஒரு ஆரம்பப் பள்ளியில பிள்ளையளுக்கு மத்தியானச் சாப்பாடு குடுத்து, பின்னேரம் வரைக்கும் அவையோட இருந்து பார்க்கிற வேலை செய்யிறன். ஈழத்தில பிறந்து, 80களின்ர கடைசியில அகதியா ஜேர்மனிக்கு வந்து, கனகாலத்துக்குப் பிறகு ஜேர்மன் பாஸ்போட் எடுத்த ஆள். உங்களில ஒருத்தரையும் எனக்கு நேரில தெரியாது, ஆனா நீங்கள் ப்ரசெல்ஸில இருந்து எடுக்கிற முடிவு கொஞ்ச வருசத்தில நான் சோறு போடுற பிள்ளையளிட்ட வந்து சேருது, அதனாலதான் எழுதுறன்.

இப்ப நீங்கள் 2028-ல இருந்து 2034 வரைக்குமான வரவு செலவுத் திட்டத்தை வைச்சுப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறீங்கள். 2025 ஜூலையில ஐரோப்பிய ஆணைக்குழு (கமிஷன்) வைச்ச வரைவு கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி யூரோ. அதே நேரம் உங்களில கனபேர் அவரவர் நாட்டில மைக்கைப் பிடிச்சு, ஒன்றியத்து நாடுகளுக்குள்ள சுதந்திரமாப் போய் இருந்து வேலை செய்யிற உரிமையைச் சனம் துஷ்பிரயோகம் செய்யுது, எங்கட சமூகநலக் காசு தாங்காது எண்டு சொல்லுறீங்கள். இந்த ரெண்டு கதையையும் ஒருநாளும் ஒண்டா வைச்சுக் கதைக்கிறேல்ல, நான் கேக்கிறது அதைத்தான்.

முதல்ல ஒண்டு சொல்லோணும், பாரம் இருக்கிறது பொய் இல்லை. றொமேனியாவும் பல்கேரியாவும் 2007-ல ஒன்றியத்துக்குள்ள வந்தது, 2014 ஜனவரி 1-ல இருந்து அந்தச் சனம் ஜேர்மனியில தடை இல்லாம வேலை செய்யலாம் எண்டு வந்தது, இப்ப டூயிஸ்பேர்க்கில மட்டும் இந்த ரெண்டு நாட்டு ஆக்கள் 20,000-க்கு மேல இருக்கினம், அதுவும் ஊர் முழுக்கப் பரவி இல்லை, மார்க்ஸ்லோ, ஹொக்ஃபெல்ட் எண்டு சில பகுதியளிலதான் கூட. வாடகை குறைஞ்ச, முந்தி உருக்காலை வேலைக்காரர் இருந்த வீடுகள், இப்ப சுவர் பூஞ்சணம் பிடிச்சு, மின்சார வயர் வெளியில தொங்கிக்கொண்டு நிக்குது, அதை மலிவா வாங்கி அறைக்கு அறை மெத்தை போட்டு ஆளுக்கு இவ்வளவு எண்டு காசு எடுக்கிற வீட்டுக்காரரும் இருக்கினம். பள்ளிக்கு வருசத்தின்ர நடுவில, ஒரு சொல் ஜேர்மன் தெரியாம பிள்ளையள் வந்துகொண்டே இருக்குங்கள், ரீச்சர்மார் பாவம், ஒரு ஆள் எத்தினை பேரைப் பார்க்கிறது. இதை ஆரும் இல்லை எண்டு சொன்னா அவை எங்கட பக்கம் வந்து பார்க்கேல்ல எண்டு அர்த்தம். இந்தச் சுமை பற்றி ஜேர்மன் நகரங்களின்ர சங்கமே 2013 தொடக்கத்தில அறிக்கை விட்டு எச்சரிச்சது.

ஆனா அதே நேரம் உங்கட நிதியமைச்சுக்காரர் சொல்லுறதும் உண்மைதான், வெளியில இருந்து வாற ஒன்றியத்துச் சனம் மொத்தத்தில நாட்டுக்கு லாபம், வேலை செய்யிற வயசில வருகினம், படிப்பிச்ச செலவு வேற நாட்டுக்கு, ஓய்வூதியக் காசு கட்டுறது இங்க. அப்ப ரெண்டும் எப்பிடி உண்மையா இருக்கும்? இதைத்தான் ஆரும் சனத்துக்கு விளங்கப்படுத்துறேல்ல.

ஜேர்மனியில ஒருத்தர் கட்டுற வருமான வரியில 42.5 வீதம் மத்திக்கு, 42.5 வீதம் மாநிலத்துக்கு, மிச்சம் 15 வீதம்தான் அவர் இருக்கிற ஊர் நகரசபைக்கு. அடிமட்டச் சம்பளத்துக்கு வேலை செய்யிற, மூண்டு பிள்ளை இருக்கிற ஒரு ஆள் வருமான வரி எண்டு கட்டுறது சொற்பம், அந்தச் சொற்பத்தில 15 வீதம் எவ்வளவு வரும் எண்டு நீங்களே பாருங்கோ. ஆனா அந்த ஆளின்ர சம்பளத்தில கிட்டத்தட்ட ஐஞ்சில ஒரு பங்கு ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை, பராமரிப்புக் காப்புறுதி எண்டு மாசாமாசம் வெட்டுப்படுது, முதலாளியும் அதே அளவு கட்டுறார், அந்தக் காசு முழுக்க நாடளவிலான நிதியளுக்குப் போகுது. கொம்பனி கட்டுற தொழில் வரி கொம்பனி இருக்கிற ஊருக்குப் போகுது. ஆனா பிள்ளைக்குப் பள்ளி அறை, பாலர் நிலையத்தில இடம், சிறுவர் நலப் பகுதி, தெருக் குப்பை, விளையாட்டு முற்றம், இதெல்லாம் அந்த ஆள் படுத்தெழும்புற ஊர்தான் பார்க்க வேணும். லாபம் மேல போகுது, செலவு கீழ இறங்குது. டூயிஸ்பேர்க், கெல்சன்கிர்ஹன், டோர்ட்முண்ட் எல்லாம் நிலக்கரியும் உருக்கும் போனதில ஏற்கெனவே கடனில நிண்ட ஊருகள், வீடு மலிவு எண்டபடியாலதான் ஏழைச் சனம் அங்க வருது, பணக்கார மியூனிக்கில கட்டிட வேலை செய்யிற ஆளும் குடும்பத்தை வாடகை குறைஞ்ச ஊரிலதான் வைச்சிருப்பார்.

இதை விட்டிட்டு நீங்கள் செய்தது என்ன? 2013 ஏப்ரலில ஜேர்மனி, ஒஸ்ரியா, நெதர்லாந்து, பிரித்தானியா நாலு நாட்டு உள்துறை அமைச்சர்மார் அப்ப ஒன்றியத்துக்குத் தலைமை வகிச்ச அயர்லாந்துக்கு ஒரு கடிதம் எழுதிச்சினம், பள்ளி, மருத்துவம், வீடு எல்லாம் நெருக்கடியில எண்டு. அந்தக் கடிதத்தில சொன்ன நெருக்கடி உண்மை. ஆனா கேட்ட மருந்து, நலக்காசை நிப்பாட்டுறதும் ஆளைத் திருப்பி அனுப்புறதும்தான். நிப்பாட்டுறதுக்குச் சட்டம் அப்பவே இருந்தது. ஒன்றியத்தின்ர 2004-ம் ஆண்டு 38-ம் இலக்க வழிகாட்டல் சட்டம் என்ன சொல்லுது, முதல் 3 மாசம் சமூக உதவிக் காசு குடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதுக்குப் பிறகு வேலை செய்யாத ஆள் தன்னைத் தானே பார்க்கக் காசும் மருத்துவக் காப்புறுதியும் வைச்சிருக்க வேணும், 5 வருசம் சட்டப்படி இருந்தாத்தான் நிரந்தர உரிமை. 2014 நவம்பரில லைப்சிக்கில இருந்த ஒரு றொமேனியத் தாயின்ர வழக்கில, டானோ எண்டு சொல்லுற வழக்கு, வேலை தேடாம இருக்கிற ஆளுக்குக் குடுக்கத் தேவையில்லை எண்டு லக்ஸம்பேர்க்கில இருக்கிற ஒன்றியத்தின்ர நீதிமன்றம் சொல்லிச்சுது, 2015-ல அலிமானோவிச் வழக்கில வேலை தேடுற ஆளுக்கும் மறுக்கலாம் எண்டு சொல்லிச்சுது, 2016 கடைசியில ஜேர்மனி சட்டத்தையே இறுக்கிச்சுது. இவ்வளவும் செய்து பத்து வருசம் ஆச்சுது. மார்க்ஸ்லோவில ஒரு வகுப்பறை கூடிச்சுதா?

மறுத்த காசு வகுப்பறையா வராது, அதுதான் விசயம். காசு மறுபட்ட குடும்பம் ஊரை விட்டுப் போகவும் மாட்டுது, இன்னும் மோசமான அறைக்குப் போகுது, பிள்ளை பள்ளிக்கு வாறது குறையுது, காப்புறுதி இல்லாமல் போகுது. எங்கட பள்ளியில ஒரு சின்னப் பிள்ளை சாப்பாட்டு நேரம் ஒரு பக்கக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு சூப்பை மட்டும் குடிச்சிட்டு எழும்பிப் போகும், நான் பாணை நனைச்சுக் குடுத்துப் பார்த்தன், அதுவும் மெல்ல ஏலேல்ல. பல்லு அழுகிப்போச்சு. தாய்க்கு மினிஜொப், அதாவது சம்பளம் குறைஞ்ச சின்ன வேலை, மினிஜொப்பில மருத்துவக் காப்புறுதி வராது, தகப்பன் எங்கயோ கட்டிட வேலை, பதிவில இல்லை. மார்க்ஸ்லோவில பீற்றர்ஷோஃப் எண்டு ஒரு கத்தோலிக்க நிலையம் இருக்கு, காப்புறுதி இல்லாத சனத்துக்கு அங்க டொக்டர்மார் சும்மா வந்து பார்க்கினம், அப்பிடிப்பட்ட ஆக்களின்ர கருணையிலதான் ஐரோப்பாவின்ர பெரிய பொருளாதாரத்தில ஒரு ஐரோப்பியப் பிரசையின்ர பிள்ளை மருந்து எடுக்குது. எனக்கு இதை எழுதவே கோவம் வருது.

மோசடி நடக்குதா எண்டு கேட்டா, நடக்குது. டூயிஸ்பேர்க்கில பிறந்து வளர்ந்த எங்கட தொழில் அமைச்சர் பேர்பெல் பாஸ் 2025-ல இதை மாஃபியா மாதிரியான அமைப்பு எண்டே சொன்னவா. ஒன்றியச் சட்டத்தில தொழிலாளி எண்டு கணக்கெடுபட்டா அந்த நாளில இருந்து உள்ளூர் ஆளுக்குச் சமமான உரிமை, கிழமைக்குச் சில மணித்தியால வேலையும் காணும். இதை வைச்சு ஆக்களைக் கூட்டிவாற கும்பல் ஒரு சின்ன வேலை ஒப்பந்தமும் ஒரு கட்டிலும் குடுத்து, மிச்சத்தை யொப்சென்ரர் எண்ட நலக்காசு குடுக்கிற அலுவலகத்தில எடுக்கச் சொல்லிப்போட்டு, வாற காசில பெரும் பங்கைத் தாங்களே பறிக்குது. இதுக்கு உங்களில சிலர் சொல்லுற வழி, குறைஞ்சது இத்தினை மணித்தியாலம் செய்தாத்தான் தொழிலாளி எண்டு கோடு போடுவம் எண்டது. தயவுசெய்து அதைச் செய்ய முதல் ஒண்டை யோசியுங்கோ. எங்கட கட்டிடத்தைத் துப்புரவாக்க வாற ஒரு பல்கேரியப் பெண்ணுக்கு ஒப்பந்தத்தில கிழமைக்கு 12 மணித்தியாலம், ஆனா அவா வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு படி ஏறுறதை நான் அதுக்கும் கூடப் பார்க்கிறன், ஒரு தளத்துக்கு இவ்வளவு நிமிசம் எண்டு மேல இருந்து எழுதி வைச்சிருக்கு, அதுக்குள்ள முடியாது, முடியாத நேரத்துக்குச் சம்பளம் இல்லை. நீங்கள் அந்தக் கோட்டை 20 மணித்தியாலத்தில போட்டா அவா தொழிலாளி இல்லை எண்டு போகும், அவாவின்ர பிள்ளையளுக்கு உரிமை போகும், முதலாளிக்கு ஒண்டும் நடக்காது, கும்பல்காரன் அடுத்த கிழமையே ஒப்பந்தத்தில 21 எண்டு எழுதுவான். பேப்பரில நம்பரை மாத்துறது அவனுக்குச் சுகம், அவாவுக்குத்தான் ஏலாது.

உண்மையான வேலை எது எண்டு உங்களுக்கே தெரியும், ஒருக்கா செய்தும் காட்டினீங்கள். 2020 ஜூனில றேடா-வீடன்ப்றூக்கில ரொன்னீஸ் இறைச்சித் தொழிற்சாலையில 1,500-க்கு மேல ஆக்களுக்குக் கொரோனா வந்தது, பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பியச் சனம், சப்-கொன்ட்ராக்டரிட்ட வேலை, நெருக்கி அடைச்ச அறைகள். நாடே பார்த்தது, 2021 ஜனவரியில சட்டம் வந்தது, பெரிய இறைச்சி ஆலையளில வெட்டுற ஆளைக் கொம்பனி தானே நேரடியா வேலைக்கு எடுக்க வேணும் எண்டு. வருசக்கணக்கா ஏலாது எண்டு சொன்னது சில மாசத்தில ஏலும் எண்டு ஆச்சுது. அதே கண்டிப்பைத் துப்புரவு வேலையிலயும் கட்டிடத்திலயும் பார்சல் விநியோகத்திலயும் ஏன் கொண்டுவரேல்ல? பிராட்டிஸ்லாவாவில ஐரோப்பியத் தொழில் அதிகார சபை எண்டு 2019-ல தொடங்கினீங்கள், நல்ல விசயம், ஆனா ஒரு நாடு சம்மதிக்காட்டி அது போய் ஒரு கதவைக்கூடத் தட்ட ஏலாது. அதுக்குச் சோதனை அதிகாரம் குடுங்கோ.

அதே 2020-ல இன்னொண்டும் நடந்தது. எல்லையெல்லாம் பூட்டி எங்களை வீட்டுக்குள்ள இருங்கோ எண்டு சொன்ன ஏப்ரல் மாசம், அஸ்பாரகஸ் பிடுங்க றொமேனியாவின்ர க்ளூஜ் விமான நிலையத்தில சனத்தை நெருக்கி நிப்பாட்டிப் பிளேனில ஏத்தி ஜேர்மனிக்குக் கொண்டுவந்தவை. மே மாசம் ஒஸ்ரியா, வயசுபோன ஆக்களைப் பார்க்கிற பெண்களைக் கூட்டிவர திமிஷ்வாராவில இருந்து வியன்னாவுக்குத் தனி ரெயின் விட்டது. அந்தப் பெண்கள் பிள்ளையளை ஊரில அம்மம்மாவிட்ட விட்டிட்டு வந்து ஒஸ்ரியத் தாத்தாமாரைக் குளிக்க வாக்கிறவை. அவையின்ர பிள்ளையளுக்குக் குடுக்கிற குடும்பக் கொடுப்பனவை, பிள்ளை இருக்கிற நாட்டு விலைவாசிக்குத் தக்கதாக் குறைக்கிறம் எண்டு 2019 ஜனவரியிலயே ஒஸ்ரியா வெட்டிப்போட்டுது. தாய் கட்டுற காப்புறுதிப் பணத்தையும் வரியையும் அந்த நாட்டு விலைவாசிக்குக் குறைக்கேல்ல, குடுக்கிறதை மட்டும் குறைச்சது. 2022 ஜூனில நீதிமன்றம் இது பிழை எண்டு சொல்லி, ஒஸ்ரியா காசைத் திருப்பிக் குடுக்க வேண்டி வந்தது. முழுக்கக் கட்டுற ஆளுக்கு முழுக்கக் கிடைக்க வேணும், இதில பேரம் பேச என்ன இருக்கு.

பிரித்தானியாவின்ர கதையை நீங்கள் மறந்திடக் கூடாது, ஏனெண்டா அதில எங்கட தமிழ்ச் சனமும் அகப்பட்டது. ஒல்லாந்து, ஜேர்மனி, பிரான்ஸ், டென்மார்க்கில பிரஜாவுரிமை எடுத்த தமிழ்க் குடும்பங்கள் கனக்க, பிள்ளையளுக்கு ஆங்கிலப் படிப்பு, கோயில், சொந்தக்காரர் எண்டு லண்டனுக்கும் லெஸ்டருக்கும் போனவை, இந்த உரிமையாலதான் போக முடிஞ்சது. 2004-ல ஒன்றியத்துக்குள்ள வந்த போலந்து முதலான எட்டு நாட்டுக்கும் பிரித்தானியா உடனே கதவைத் திறந்தது, வருசம் 5,000-ல இருந்து 13,000 பேர் கூடுவினம் எண்டு அரசாங்கத்துக்கு ஒரு கணிப்பு, வந்தது லட்சக்கணக்கில. லிங்கன்ஷயரில பொஸ்ரன் எண்டு ஒரு சின்ன ஊர், மரக்கறித் தோட்டமும் பொதி பண்ணுற ஆலையும், லித்துவேனியா, லாட்வியா, போலந்து ஆக்கள் வந்துதான் அறுவடை நடந்தது, தோட்டக் கொம்பனிக்கும் சுப்பர்மார்க்கட்டுக்கும் லாபம், ஊருக்கு டொக்டரிட்ட வரிசையும் வாடகை ஏத்தமும். 2009-ல குடிவரவுப் பாதிப்பு நிதி எண்டு வருசம் 35 மில்லியன் பவுண்ஸில ஒரு சின்ன நிதி தொடங்கி, இப்பிடியான ஊருகளுக்குக் குடுத்தவை. நல்ல யோசினை, காசு காணாது. அடுத்த வருசமே புது அரசாங்கம் அதை மூடிப்போட்டுது. பிறகு 2016 பெப்ரவரியில அப்பத்தைய பிரித்தானியப் பிரதமர் கமரோன் உங்களிட்ட வந்து இரவிரவா இருந்து பேசி, புதுசா வாற தொழிலாளியளின்ர கொடுப்பனவை நாலு வருசத்துக்கு மட்டுப்படுத்துற உடன்பாட்டை எடுத்துக்கொண்டு போனார். நாலு மாசத்தில பொஸ்ரன் 75.6 வீதம் ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொல்லி வாக்குப் போட்டுது, நாட்டிலயே கூட. அந்த ஊர்ச் சனத்துக்கு ஒரு லித்துவேனியப் பெண்ணின்ர கொடுப்பனவு வெட்டுப்பட்டதால டொக்டர் வரிசை குறையப்போறேல்ல எண்டு தெரியும், என்ர அபிப்பிராயம் இது, வரிசை குறைஞ்சிருந்தா வாக்கு வேற மாதிரி விழுந்திருக்கும்.

பிரித்தானியா வெளியேறின பிறகு லண்டனில இருந்த எங்கட ஆக்கள், எழுபது வயசு தாண்டின அம்மம்மாமார்கூட, 2021 ஜூன் 30-க்குள்ள போனில பாஸ்போட் சிப்பை வைச்சு ஸ்கான் பண்ணி இருக்க அனுமதி கேக்க வேண்டி வந்தது. ஒரு உரிமை இருக்கிறதும், கேட்டு வாங்குற அனுமதி இருக்கிறதும் எவ்வளவு வித்தியாசம் எண்டு அகதியா இருந்த எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஜேர்மனியில அகதி விண்ணப்பம் முடியும் வரைக்கும் எங்களுக்கு றெசிடென்ஸ்ஃப்ளிஹ்ற் எண்டு ஒண்டு, பதிஞ்ச பகுதியை விட்டு வெளியில போறதெண்டா வெளிநாட்டவர் அலுவலகத்தில எழுத்தில அனுமதி வாங்க வேணும், பக்கத்து ஊரில சொந்தத் தம்பி செத்தாலும் முதல்ல கடிதம். பொலிஸ் ரெயினில பிடிச்சாத் தண்டம், திரும்பப் பிடிச்சா வழக்கு. அப்ப எங்களைப் பற்றியும் இதே பேச்சுத்தான், சோசல் காசுக்கு வந்தவை எண்டு. எங்களுக்குத் தொடக்கத்தில வேலை செய்ய விடாம வைச்சுப்போட்டுத்தான் அப்பிடிச் சொன்னவை. பாஸ்போட் எடுத்த பிறகு ஒருத்தரையும் கேக்காம ஒல்லாந்து எல்லை தாண்டிச் சகோதரி வீட்டுக்குக் காரில போன அந்த உணர்ச்சியை எனக்கு எழுத்தில கொண்டுவரத் தெரியாது. அதனாலதான் இந்த உரிமையில கை வைக்கிற பேச்சு எங்க எழும்பினாலும் எனக்கு நெஞ்சு பதறுது.

அனுப்புற நாடுகளையும் ஒரு சொல் சொல்லோணும். பல்கேரியாவில 80களின்ர கடைசியில 90 லட்சம் அளவில சனம், 2021 கணக்கெடுப்பில 65 லட்சம். ஜேர்மன் ஆஸ்பத்திரியளில றொமேனிய டொக்டர்மார் இல்லாட்டிக் கன வோட் நடக்காது, அவையைப் படிப்பிச்சது றொமேனியாவின்ர காசு. 2018-ல றொமேனியா அரசாங்க டொக்டர்மாரின்ர சம்பளத்தை நல்லா ஏத்திச்சுது, அப்பிடி ஏத்த அவைக்கு உதவி செய்யிறதும் இந்தக் கணக்குக்குள்ள வரவேணும். சமூகநலத்துக்கு நெருக்கடி மேற்கில மட்டும் எண்டு கதைக்கிறது நியாயம் இல்லை.

சரி, நான் கேக்கிறது இவ்வளவுதான். புது வரைவில பிராந்தியக் காசு, சமூக நிதி எல்லாத்தையும் ஒண்டாக் கட்டி நாட்டுக்கு ஒரு திட்டம் எண்டு தலைநகரங்களின்ர கையில குடுக்கிற யோசினை இருக்கு. அப்பிடியே போனா டூயிஸ்பேர்க்கும் திரும்பப் பெர்லினிட்டக் கையேந்தி நிக்கும். அதுக்குள்ள ஒரு பங்கைப் பூட்டி வையுங்கோ, மற்ற ஒன்றிய நாட்டில இருந்து வந்து பதிஞ்ச சனத்தின்ர தொகை எந்த ஊரில வேகமாக் கூடுதோ அந்த நகரசபைக்கு நேரடியாப் போற மாதிரி, தலைக்கு இவ்வளவு எண்டு, பதிவு எண்ணிக்கையைப் பார்த்துத் தானாப் போக வேணும். இப்ப இருக்கிற மாதிரி மூண்டு வருசத்துக்கு ஒரு புரொஜெக்ட், அதுக்கு ஒரு விண்ணப்பம், முடிய அந்த மொழிபெயர்ப்பாளரை நிப்பாட்டுறது, இது வேண்டாம். எங்கட பள்ளியில பல்கேரிய மொழி தெரிஞ்ச ஒரு சமூக சேவகி இருந்தவா, தாய்மார் அவாவிட்டத்தான் எல்லாம் சொல்லுவினம், புரொஜெக்ட் முடிஞ்சு அவா போன பிறகு தாய்மார் வாசல் தாண்டி உள்ள வாறேல்ல.

பிள்ளையளின்ர மருத்துவக் காப்புறுதியைத் தாய் தகப்பன்ர வேலை ஒப்பந்தத்தில இருந்து கழட்டி எடுங்கோ. எந்த ஒன்றிய நாட்டில பிள்ளை பதிஞ்சிருக்கோ அங்க அதுக்குக் காப்புறுதி, செலவை நாடுகள் தங்களுக்குள்ள பிறகு கணக்குத் தீருங்கோ, ஓய்வூதியக்காரருக்கு அப்பிடிக் கணக்குத் தீர்க்கிற ஒழுங்கு, நாடுகளின்ர சமூகக் காப்புறுதியளை இணைக்கிற ஒன்றியத்தின்ர 883-ம் இலக்கச் சட்டத்தில ஏற்கெனவே இருக்குத்தானே. அந்தச் சட்டத்தைத் திருத்துறம் எண்டு 2016 டிசம்பரில தொடங்கி, 2019 மார்ச்சில கைகுலுக்குற அளவுக்குக் கிட்ட வந்து, பிறகும் வருசக்கணக்கா இழுபட்டதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தனாங்கள்.

வீட்டை மூடுறதெண்டா குடும்பத்துக்கு முதல்ல வேற வீடு காட்டிப்போட்டு மூடுங்கோ. இங்க தீப் பாதுகாப்பு இல்லை எண்டு அதிகாரியள் வந்து சில மணித்தியாலத்தில குடும்பங்களை வெளியில எடுக்கினம், கட்டிடம் ஆபத்து எண்டது சரி, ஆனா அறைக்கு அறை காசு எடுத்தவனுக்கு அடுத்த தெருவில இன்னொரு கட்டிடம் இருக்கு, பிள்ளைக்குத்தான் பள்ளி மாறுது. தண்டனை வாடகை எடுத்தவனுக்கு விழ வேணும், அந்தக் கட்டிடத்தை நகரசபை பறிச்சுத் திருத்த அதிகாரமும் காசும் வேணும்.

பேரம் முடிய முதல் நீங்கள் ஒருக்கா இஞ்ச வாங்கோ. கமராக்காரரைக் கூட்டி வராம, ஹொக்ஃபெல்ட்டிலயோ மார்க்ஸ்லோவிலயோ ஒரு பள்ளி அதிபரோடயும் நகரசபைக் கணக்காளரோடயும் ஒரு முழு நாள் இருந்து, போன வருசம் வந்த ஒரு குடும்பத்தை எடுத்து, அவை கட்டின காசு எந்தெந்தப் பெட்டிக்குப் போனது, அவைக்குச் செலவான காசு எந்தப் பெட்டியில இருந்து போனது எண்டு பென்சிலால எழுதிப் பாருங்கோ. எழுதின அந்தப் பேப்பரை ப்ரசெல்ஸ் மேசையில வைச்சு, நகரங்களுக்கான பங்கு எத்தினை வீதம் எண்டதுக்கு ஒரு பதில் தாங்கோ.

இப்படிக்கு,
டூயிஸ்பேர்க்கில இருந்து ஒரு பள்ளிப் பணியாளர், ஐரோப்பியப் பிரசை